பன்னிரண்டு எழுத்துப் பெயர்

ரொவீனாவின் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் பன்னிரண்டு எழுத்து. சொன்னால் இரண்டே அசை. காகிதத்தில் பார்த்து வாசிக்கிற வெளியூர்க்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ‘இக்கார்ன்த்வெய்ட்’ என்பார்கள். ஸ்கெல்டர் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களோ ‘இக்கர்த்’ என்று ஒரே கடியில் முடித்துவிடுவார்கள். மீதி எழுத்தெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டால், யார்க்‌ஷயர் குளிரில் வாயை அத்தனை நேரம் திறந்து வைத்திருக்க முடியாது என்று பதில் வரும்.

ரொவீனாவும் ஒரு காலத்தில் வெளியூர்க்காரிதான். லீட்ஸில் பஸ் ஓட்டுநரின் மகள்; பிறந்த பெயர் பிரவுன். இருபத்துநான்கு வயதில் ஆல்வினைக் கைப்பிடித்து இந்தப் பண்ணை வீட்டுக்கு வந்தபோது, அவனுடைய அக்கா ஹில்டா அவளைச் சமையலறையில் நிறுத்தி, “எங்க பேரைச் சொல்லு பாப்போம்” என்றாள். ரொவீனா சொன்னாள். “இன்னொரு தடவை” என்றாள் ஹில்டா. கெட்டிலில் தண்ணீர் கொதித்து அடங்கும்வரை அந்தப் பரீட்சை நடந்தது. அன்றைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் முப்பது வருடத்தில் அந்தப் பெயர் அவள் நாக்கிலேயே முளைத்தது போல ஆகிவிட்டது. வங்கியிலோ பல் டாக்டரிடமோ யாராவது தப்பாக வாசித்தால் இப்போது அவளே நிமிர்ந்து உட்கார்ந்து திருத்துவாள்.

அதற்குப் பொருளும் அவளுக்கு மனப்பாடம். இக்கோர்ன் என்றால் அணில். த்வெய்ட் என்றால் காடு வெட்டித் திருத்திய நிலம். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கடல் தாண்டி வந்த நார்வேக்காரன் ஒருவன் இந்த மலைச்சரிவில் அணில்களை விரட்டிவிட்டு நிலம் திருத்தினான்; நிலத்துக்கு அந்தப் பெயர் வந்தது, நிலத்திலிருந்து ஆட்களுக்கு வந்தது. ஒரு காலத்தில் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு வரிசை முழுக்க இக்கர்த்கள்தான். அப்புறம் ஈயச் சுரங்கத்துக்குப் போனவர்கள், லங்காஷயர் பஞ்சாலைக்குப் போனவர்கள், கப்பலேறினவர்கள் என்று சிதறினார்கள். போகிற வழியில் எழுத்துகளையும் உதிர்த்துக்கொண்டே போனார்கள். ஆலை ஊர்களில் அவர்கள் எக்கர்ட் ஆனார்கள், நியூசிலாந்தில் ஐகார்ன் ஆனார்கள். பன்னிரண்டு எழுத்தையும் சிந்தாமல் வைத்திருக்கிறவர்கள் என்று பார்த்தால் கெண்டலில் கல்யாணமே செய்துகொள்ளாத கிழ அண்ணன் தம்பி இருவர், இங்கே ரொவீனா. இங்கிலாந்தின் மொத்த இக்கர்த்களையும் அவள் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்த்திவிடலாம். நாலு நாற்காலியில் ஒன்று மிஞ்சும்.

ஆல்வின் போய் ஆறு வருடம் ஆகிறது. குழந்தை இல்லை. ஆடுகளையும் நிலத்தையும் அவளே பார்த்துக்கொண்டாள். ஆடு விற்கப் போன இடத்தில்தான் க்ளெமன்ட் பழக்கமானான். ஆட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவன். ஐம்பத்தேழு வயது, மனைவியை இழந்தவன், குரல் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். குடும்பப் பெயர் ஸ்மித். அந்தச் சந்தையிலேயே நாலு ஸ்மித் இருந்ததால் அவனை எல்லோரும் ‘ஏல ஸ்மித்’ என்பார்கள். இரண்டு வருடம் அவளுடைய ஆடுகளை மற்றவர்கள் ஆட்டைவிடக் கொஞ்சம் நிதானமாக ஏலம் விட்டான். அது சந்தை முழுக்கத் தெரிந்த பிறகு கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டான். அவள் சரி என்று தலையாட்டின கையோடு இன்னொன்றும் சொன்னான்.

“நீ ஸ்மித் ஆக வேணாம் ரொவீனா. நான் இக்கர்த் ஆயிடறேன். பேரைச் சொன்னா ஒரே ஒரு ஆள் மட்டும் திரும்பிப் பாக்கற சுகம் எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியணும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் மனசு காற்றில் பறக்கவிட்ட துணி போல இருந்தது. ஆல்வினோடு முடிந்துபோகும் என்று அவள் நினைத்திருந்த ஒன்று முடியப்போவதில்லை.

ஹில்டாவைக் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் பாக்கி.

ஹில்டாவுக்கு அறுபத்தெட்டு வயது. கணவர் இறந்த பிறகு கிராமத்தில் தனியாக இருந்தாள். பார்க்கின் என்கிற தபால்காரரைக் கட்டி மிஸஸ் பார்க்கின் ஆகி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் பள்ளத்தாக்கில் அந்தப் பெயருக்குக் காவல் அவள்தான். புதிதாக யார் வந்தாலும் பண்ணைக்குக் கூட்டிவந்து வாசல் மேல்கல்லைக் காட்டுவாள். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வீடு கட்டினால் வாசலுக்கு மேலே கல்லில் மூன்று எழுத்து செதுக்குவார்கள்: உச்சியில் குடும்பப் பெயரின் முதலெழுத்து, கீழே இடப்பக்கம் கணவன், வலப்பக்கம் மனைவி. வீட்டு வாசலில் ஐ; அதன் கீழே டி, ஏ; நடுவில் ஒரு சின்ன இதயம்; 1691. தாமஸும் ஆக்னஸும். கல்லறைத் தோட்டத்திலும் அந்த இருவரும் இக்கர்த் என்ற பெயரில்தான் படுத்திருக்கிறார்கள்.

பின்பக்கம் கல் கொட்டகை வாசலிலும் அதே டி, ஏ உண்டு. வருடம் 1688. ஆனால் உச்சியில் ஐ இருக்க வேண்டிய இடத்தில் டபிள்யூ. அதற்கு ஒரு கதை இருந்தது. கல் செதுக்க வந்தவன் காலையிலேயே குடித்துவிட்டு ஏணி ஏறினான், வாய்க்கு வந்த எழுத்தை வெட்டிவிட்டு இறங்கினான் என்பது அந்தக் கதை. ஹில்டா அதைத் தள்ளாட்டத்தோடு நடித்துக் காட்டுவாள். முந்நூறு வருடமாக அந்த வீட்டில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் சிரித்த சிரிப்பு அது.

க்ளெமன்ட்டைத் தேநீருக்கு அழைத்த அன்று ஹில்டா தொப்பியைக் கழற்றவில்லை. கல்யாணத்துக்கு அவளுக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. நல்ல மனுஷன், குளிர்காலத்துக்கு வீட்டில் ஓர் ஆள் வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். பெயர் விஷயம் வந்ததும் கோப்பையை வைத்துவிட்டாள்.

“பேரு என்ன மழைக்கோட்டா, வாசல்ல ஆணியில தொங்கினா வர்றவன் போறவன்லாம் எடுத்து மாட்டிக்க?”

ஸ்மித்தில் ஒருவன் குறைந்தால் இங்கிலாந்து ஒன்றும் காலியாகிவிடாது என்று க்ளெமன்ட் பணிவாகத்தான் சொன்னான். தனக்குத் தொலைபேசி வந்தால் மற்ற மூன்று ஸ்மித்தும் எழுந்திருக்கிறார்கள் என்றும் சொன்னான். ஹில்டாவின் முகம் இளகவில்லை.

“அது ரத்தத்துல வர்ற பேரு, மிஸ்டர் ஸ்மித். அப்பன்கிட்டேர்ந்து மகனுக்கு, ஒரு கண்ணி அறுந்து போகாம வந்தது. என் தம்பியைக் கட்டிக்கிட்டதால ரொவீனா அதை வெச்சிருக்கா. வெச்சிருக்கறது வேற, எடுத்து இன்னொருத்தனுக்குக் குடுக்கறது வேற.”

க்ளெமன்ட் மேஜையிலிருந்த இஞ்சிக் கேக்கை ஒரு துண்டு எடுத்தான். அந்த ஊரில் அந்தக் கேக்குக்கும் பார்க்கின் என்றுதான் பெயர். “ஸ்மித்னா கொல்லன். உழைக்கற பேருதான். கேக்கு பேரை வெச்சிருக்கறவங்க அதை ரொம்பக் கொறை சொல்லக்கூடாது, மிஸஸ் பார்க்கின்” என்றான்.

ரொவீனா மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள். காலம் கடந்துவிட்டது. ஹில்டாவின் உதட்டோரம் ஒரு கணம் துடித்தது போல இருந்தது. ஆனால் அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அவள் கார் சரிவில் இறங்கி மறைந்த பிறகு ரொவீனா க்ளெமன்ட்டிடம் தன் முடிவைச் சொன்னாள். ஹில்டா மனசாரச் சரி என்று சொல்லாமல் அந்தப் பெயரை அவள் யாருக்கும் கொடுக்கமாட்டாள். சட்டத்தில் தடை இல்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயரை அவளுக்குச் சொல்லக் கற்றுக்கொடுத்தவளே ஹில்டாதான். அவள் சம்மதிக்காவிட்டால் ரொவீனா மிஸஸ் ஸ்மித் ஆகிவிடுவாள். இக்கர்த் என்பது வெளிக்கதவுப் பலகையில் இருக்கும், கல்லறையில் இருக்கும். பள்ளத்தாக்கில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது.

“உன் இஷ்டம்” என்றான் க்ளெமன்ட். அவன் குரல் அவ்வளவு சன்னமாக வந்து அவள் கேட்டதில்லை.

தேவாலயத்தில் கல்யாண ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை சபை நடுவில் மணமக்கள் பெயரை வாசித்து, தடை சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று கேட்பது வழக்கம். ஆயர் பிலிப்பா தெற்கிலிருந்து வந்து மாதம் ஆகவில்லை. முதல் ஞாயிறு, காகிதத்தைப் பார்த்து, “ரொவீனா ஜேன் இக்-கார்ன்-த்வெய்ட்” என்று பத்திரமாக ஒவ்வொரு படியாக இறங்குவது போல வாசித்தார். பாட்டுப் புத்தகங்களுக்குப் பின்னால் சிரிப்பு ஓடியது. பிறகு எல்லாத் தலையும் இரண்டாவது வரிசையில் இருந்த ஹில்டாவின் பக்கம் திரும்பின. திருத்துவது அவள் வேலை. ஒருமுறை பிஷப்பே தப்பாகச் சொன்னபோது பிரசங்கத்தை நிறுத்தித் திருத்தியவள் அவள்.

ஹில்டா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் ஞாயிறும் அப்படியே. அன்று யாரும் சிரிக்கவில்லை. ஹில்டா போட்ட சண்டைகளையெல்லாம் ரொவீனா தாங்கியிருக்கிறாள். இந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கையுறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம் புதன்கிழமை க்ளெமன்ட் கொட்டகையைச் சுத்தம் செய்ய வந்தான். கல்யாண விருந்து அங்கேதான். ஏணி போட்டு வாசல் மேல்கல்லில் படிந்திருந்த பாசியைத் தேய்த்தான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ரொவீனா, அவன் முகம் வாடியிருக்கிறதே என்று குடிகாரக் கல்தச்சன் கதையை எடுத்துவிட்டாள். ஹில்டா மாதிரியே தள்ளாடிக்கூடக் காட்டினாள். க்ளெமன்ட் சிரித்தான்.

“பாவம் தாமஸு. அப்புறம் வீட்டு வாசலுக்கு நல்ல ஆளாப் பாத்துக் கூப்பிட்டாரா?”

பாசி போன இடத்தில் டி-க்கும் ஏ-க்கும் நடுவில் ஒரு சின்ன இதயம் தெளிந்திருந்தது. அதன் வால் நேராக முடியாமல் இடப்பக்கம் வளைந்து ஒரு சுழி போட்டிருந்தது. ரொவீனா அதைப் பார்த்தாள். ஏணியை விட்டுவிட்டு வீட்டின் முன்பக்கத்துக்கு நடந்தாள். மேலே க்ளெமன்ட் ஏதோ கத்தினான்.

முன்வாசல் கல்லில் அதே இதயம். அதே வளைந்த வால், அதே சுழி. இரண்டு கல்லின் வருடத்திலும் இருந்த ஆறுக்கு ஒரே கையின் வளைவு. முப்பது வருடமாக இரண்டு வாசலிலும் நாளுக்குப் பத்துத் தடவை குனிந்து நுழைந்திருக்கிறாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை.

அவள் உள்ளே போய் ஹில்டாவுக்குத் தொலைபேசி செய்தாள். வாருங்கள், ஒன்று காட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

ஹில்டா வந்தாள். வேண்டாவெறுப்பாகத்தான் வந்தாள், ஆனால் வீட்டுக் கல் விஷயம் என்றால் அவளால் வராமல் இருக்க முடியாது. ரொவீனா முதலில் முன்வாசலையும் பிறகு கொட்டகையையும் காட்டினாள். ஹில்டா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “ஒரே ஆள்தான் செதுக்கியிருக்கான். அதுக்கென்ன? குடிச்சிருந்தான்…” என்று ஆரம்பித்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

“கொட்டகையில பேரையே தப்பா வெட்டினவனை, மூணு வருஷம் கழிச்சு வீட்டு வாசலுக்குக் கூப்பிட்டிருப்பாங்களா ஹில்டா?” என்று ரொவீனா கேட்டாள். “உங்க வீட்டு ஆளுங்களைச் சொல்லுங்க.”

“எங்க வீட்டு ஆளுங்களா? மதில்ல ஒரு கல்லைக் கோணலா வெச்சவனோட பேரனைக்கூட வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க.”

சொல்லிவிட்டு ஹில்டா மறுபடி மேலே பார்த்தாள். அந்த டபிள்யூ தள்ளாடும் கையின் எழுத்தாக இல்லை. நாலு கோடும் ஒரே ஆழம், நுனிகளில் பூ வேலை. வேண்டுமென்று, ஆசையாக வெட்டிய எழுத்து. அவள் பார்வை மெல்லக் கொட்டகையைத் தாண்டிப் பின்னால் இருந்த சின்ன நிலத்துக்குப் போனது. நாலு பக்கமும் மதில் வைத்த அந்தத் துண்டுக்கு வேரிங் கொல்லை என்று பெயர். வேரிங் என்றால் ஓடையைத் தடுத்துக் கட்டுவதற்குப் பழைய சொல்லாக இருக்கும் என்று ஹில்டாவின் அப்பா சொல்வார். அங்கே ஓடை கிடையாது. ஆனாலும் யாரும் மேற்கொண்டு யோசித்ததில்லை.

“வேரிங் கொல்லை” என்றாள் ஹில்டா. அப்புறம், யாரையோ வீட்டுக்குள்ளிருந்து கூப்பிடுவது போல, “தாமஸ் வேரிங்” என்றாள். வேரிங்குக்கு ஆங்கிலத்தில் முதலெழுத்து டபிள்யூ.

க்ளெமன்ட் துடைப்பத்தோடு ஓரமாக நின்றான்.

“அப்போ பேரு ஆக்னஸோடது” என்றாள் ஹில்டா. “அவன்தான் வந்து சேந்திருக்கான். முதல்ல தன் பேர்ல கொட்டகையைக் கட்டியிருக்கான். மூணு வருஷம் இங்க இருந்த பிறகு வீட்டுக்கு அவ பேரைப் போட்டிருக்கான். அதே கல்தச்சன், அதே இதயம்.” அவள் கையை நீட்டி நிலைக்கல்லைத் தொட்டாள். “நல்லாத்தானே வேலை செஞ்சிருக்கான் அந்த மனுஷன். அவனைப் போய் எத்தனை பேர் முன்னாடி குடிகாரனாக்கி ஆடிக் காட்டியிருக்கேன்.”

ரொவீனா அவள் தோளைத் தொட்டாள். ஹில்டா விலகவில்லை, திரும்பவும் இல்லை.

“நான் கல்யாணம் ஆகி இந்தப் படி இறங்கினப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. பேரை இங்கயே கழட்டி வெச்சுட்டுப் போனேன். அது பொண்ணோட தங்காதுன்னு நெனச்சேன். இருக்கட்டுமேன்னு ஒருத்தரும் சொல்லல. எனக்கும் கேக்கத் தோணல. இந்த ஆக்னஸ் வெச்சிருந்திருக்கா பாரு.”

தேநீர் போடட்டுமா என்று ரொவீனா கேட்டாள். வேண்டாம் என்று ஹில்டா காருக்கு நடந்தாள். சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. க்ளெமன்ட் ரொவீனாவைப் பார்த்தான். ரொவீனாவுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கல்லில் இருந்த ஆக்னஸுக்காக உருகின மனசு, சந்தையில் ஏலம் விடுகிற ஸ்மித்துக்காகவும் உருகும் என்று என்ன நிச்சயம்?

மூன்றாம் ஞாயிறு தேவாலயம் வழக்கத்தைவிட நிரம்பியிருந்தது. ஹில்டா அதே இரண்டாவது வரிசையில், நீலத் தொப்பியில் இருந்தாள். அந்தத் தொப்பியை அவள் கல்யாணங்களுக்கு மட்டும்தான் போடுவாள் என்பதை ரொவீனா கவனித்தாள். ஆனால் சவ அடக்கத்துக்கும் ஒருமுறை போட்டிருக்கிறாள் என்பது உடனே ஞாபகம் வந்தது.

பிலிப்பா காகிதத்தை விரித்தார். க்ளெமன்ட் ஜார்ஜ் ஸ்மித் சுலபமாக முடிந்தது. பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, “ரொவீனா ஜேன் இக்-கார்ன்-த்வெய்ட்” என்றார். மூன்றாம் முறையாகவும் கடைசியாகவும் கேட்பதாகவும், இவர்கள் திருமணத்துக்குத் தடை அறிந்தவர் இப்போதே சொல்ல வேண்டும் என்றும் வாசித்து நிமிர்ந்தார்.

இரண்டாவது வரிசையில் நீலத் தொப்பி எழுந்தது.

“தடை இருக்கு” என்றாள் ஹில்டா.

க்ளெமன்ட்டின் கை ரொவீனாவின் கையைத் தேடி வந்து இறுக்கியது. பிலிப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. பயிற்சியில் இதற்கு என்ன செய்யச் சொன்னார்கள் என்று அவர் யோசிப்பது பின்வரிசை வரை தெரிந்தது.

“இல்லாத பேருக்கு ஓலை வாசிச்சா அந்தக் கல்யாணம் எப்படிச் செல்லும்?” என்று ஹில்டா நிதானமாகச் சொன்னாள். “அது இக்கார்ன்த்வெய்ட் இல்லம்மா. இக்கர்த். எங்க பேரு அது. ஒரு வீட்டுலேர்ந்து ரெண்டு பேர் அந்தப் பேரோட வெளிய வரப்போறாங்க, முதல்லயே ஒழுங்கா ஆரம்பிங்க.”

ரொவீனாவுக்கு முதலில் காதில்தான் விழுந்தது. மனசில் விழ இன்னும் ஒரு நொடி பிடித்தது. ரெண்டு பேர் என்று சொன்னாளா? பின்வரிசையில் சந்தைக்காரர்கள் பெஞ்சைத் தட்டினார்கள். பிலிப்பா சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். இந்த முறை இரண்டே அசையில் வந்தது. “பரவாயில்ல, சீக்கிரம் வந்துடுச்சு” என்று சொல்லிவிட்டு ஹில்டா உட்கார்ந்தாள்.

வெளியே கல்லறைத் தோட்டத்துப் பாதையில் ஹில்டா தாமஸ், ஆக்னஸ் கல்லின் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தாள். கெண்டல் அண்ணன் தம்பிக்கு நேற்றே தொலைபேசியில் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். கல்யாணத்துக்கு இருவரும் வருகிறார்களாம். அவர்களுக்கு இதில் அத்தனை சந்தோஷமாம். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் பெயரையும் பழையபடி மாற்றிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள்.

“பார்க்கின் கோவிச்சுக்க மாட்டார். கேக்கு கேக்குன்னு கேலி கேட்டே அவருக்கு அந்தப் பேரு அலுத்துப்போச்சு” என்றாள். பிறகு க்ளெமன்ட்டின் பக்கம் திரும்பினாள். மிஸ்டர் ஸ்மித் என்பதை எங்கோ தேவாலயத்துக்குள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். “க்ளெமன்ட், நீ இங்க வா. பேரைச் சொல்லு பாப்போம்.”

க்ளெமன்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துச் சொன்னான். கல்லறைத் தோட்டத்து மதிலில் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன.

“இழுக்காத. ஆடா ஏலம் விடறே? இன்னொரு தடவை.”

ரொவீனா சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். அவள் மனசு ஏற்கெனவே சமையலறைக்குப் போய்விட்டது. கல்யாணத்தன்று காலைச் சாப்பாட்டுக்கு இக்கர்த்கள் எல்லோரும் மேஜையில் உட்கார்ந்தால், முன்னறையிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவர வேண்டியிருக்கும்.